மனு எழுத ஆளில்லாத பள்ளிக்கூடம்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பெயருக்காக இரண்டு புத்தகங்கள் காத்திருந்தன. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்ற கூலிப் பதிவேடு. பள்ளிக்கூடத்து மேசையில் வரவு இடாப்பு. செக்ரோலில் பேர் விழுந்தால் வீட்டுக்குக் கூலி வந்தது. இடாப்பில் பேர் விழுந்தால் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க மானியம் வந்தது. இரண்டு புத்தகங்களுக்கும் பொறுப்பாளர் ஒருவரே: தோட்டத் துரை. இலங்கை மலையகக் கல்வி ஒரு நூற்றாண்டு பின்தங்கியதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. வறுமை, குடியுரிமைப் பறிப்பு, ஆசிரியர் பற்றாக்குறை என்று எல்லாமே உண்மைதான். ஆனால் இவற்றுக்கு அடியில் அதிகம் பேசப்படாத ஒன்று கிடக்கிறது. பள்ளிக்கு வரும் அரசாங்கப் பணத்தை யார் கேட்க வேண்டும், கேட்பவர் எதை முதலில் காட்ட வேண்டும் என்ற விதி அது. பணத்தின் அளவைவிட இந்த விதியே தோட்டப் பள்ளியின் உருவத்தைத் தீர்மானித்தது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். பாடசாலைப் புத்தாக்கத்துக்கென்று அரசுகள் இன்று நிதி ஒதுக்கி விண்ணப்பம் கோரும்போதும் அதே விதி வேறு பெயரில் திரும்பி வருகிறது என்பதால், இது பழங்கதை என்று தள்ளிவிடக்கூடிய விடயமல்ல.

இதைப் புரிந்துகொள்ள நல்லதண்ணி பொருத்தமான இடம். ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக வரும் பாதை, மவுசாகலை நீர்த்தேக்கத்தை ஒட்டி வளைந்து வந்து இங்கே முடிகிறது. அதற்கப்பால் சிவனொளிபாதமலைக்கு ஏறும் படிகள்தான். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை யாத்திரைக் காலத்தில் நாடு முழுவதும் இந்த ஊருக்கு வருகிறது; மற்ற மாதங்களில் மழையும் மூடுபனியும் சூழ்ந்த தோட்டத்துக் கடைவீதி இது. சுற்றிலும் மறே, லக்ஷபான போன்ற தோட்டங்கள்; தோட்டத்துக்குள் பிரிவுகள்; பிரிவுக்குள் லயங்கள் என்ற வரிசை வீடுகள். பிள்ளைகள் நடந்து போகக்கூடிய தூரத்தில் பள்ளி வேண்டும் என்பதால் தோட்டப் பள்ளிகள் தொடக்கத்திலிருந்தே சிறியவையாகவும் ஒன்றுக்கொன்று தொலைவாகவும் அமைந்தன. ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்புவரை படிப்பு. கல்வி வலய அலுவலகம் இருப்பது முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் ஹட்டனில். அலுவலகத்தை நாடிப் போய்த்தான் பணம் பெறவேண்டும் என்றால், பாதையின் கடைசியில் இருக்கும் பள்ளி வரிசையிலும் கடைசியில்தான் நிற்கும்.

கோப்பிக் காலத்தில் தொழிலாளர் தென்னிந்தியாவிலிருந்து பருவத்துக்கு வந்து அறுவடை முடிந்ததும் திரும்பிப் போனார்கள். அப்போது தோட்டத்தில் பள்ளி என்ற கேள்வியே அதிகம் எழவில்லை. 1854இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ முதலான திருச்சபை முயற்சிகளே முதற் பள்ளிகளைத் தந்தன; லயத்துக் காம்பராவிலோ வாசலிலோ மாலையில் எழுத்துச் சொல்லிக் கொடுத்த ‘லயப் பள்ளிக்கூடங்களும்’ இருந்தன. 1869க்குப் பின் கோப்பியை இலைநோய் அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். எனவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின, பிள்ளைகள் தோட்டத்திலேயே வளர்ந்தார்கள். அதே 1869இல்தான் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்து, தனியார் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கும் முறை உருப்பெற்றது. அதன் அடித்தளம் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கருத்து. 1862இல் ரொபேர்ட் லோ அங்கே கொண்டுவந்த சட்டக்கோவைப்படி ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய உச்ச மானியம் 12 ஷில்லிங். அதில் 4 ஷில்லிங் வரவுக்கு. மீதி 8 ஷில்லிங் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பரிசோதகர் முன் பிள்ளை தேறினால் மட்டும். வேலையைக் காட்டு, கூலியைத் தருகிறேன் என்பதே இதன் சாரம்.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த விதி யாருக்கு உதவியது என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே கட்டடமும் ஆசிரியரும் உள்ள பள்ளி, பிள்ளைகளை ஒழுங்காக வரவைத்துத் தேறவைத்து மானியம் பெற்று, அந்தப் பணத்தால் மேலும் வளர்ந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளும் சைவப் பள்ளிகளும் இப்படித்தான் தழைத்தன. அங்கே முகாமையாளர்கள் இருந்தார்கள், திணைக்களத்துக்கு எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஒரு பள்ளிக்கு எதிராக இன்னொரு பள்ளி எழுப்பும் போட்டியும் இருந்தது. மஸ்கெலியா மலையில் இவற்றில் ஒன்றும் இல்லை. பிள்ளை காலையில் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும், அல்லது தாயோடு மலைக்குப் போய்விடும். வரவு குறையும், வரவு குறைந்தால் மானியம் குறையும், மானியம் குறைந்தால் நல்ல ஆசிரியர் தங்கமாட்டார், ஆசிரியர் தங்காத பள்ளிக்குப் பிள்ளை ஏன் வரும்? உதவி தேவைப்பட்ட காரணமே உதவி மறுக்கப்படும் காரணமாகவும் ஆனது.

1907இன் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் சட்டம், 6 முதல் 10 வயதுவரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதையும் அதற்கு இடம் ஒதுக்குவதையும் தோட்டத் துரையின் கடமையாக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இக்கடமையை மேலும் இறுக்கியது. தோட்டப் பள்ளிகள் நூற்றுக்கணக்கில் பதிவானது இச்சட்டங்களுக்குப் பிறகுதான். இது பெரிய முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பள்ளியைப் பதிவுசெய்யக் கேட்பவரும், மானியத்துக்கு எழுதுபவரும், பணத்தைப் பெறுபவரும், ஆசிரியரை அமர்த்துபவரும் துரையே ஆனார். அவருடைய வருமானம் கொழுந்திலிருந்து வந்தது, இடாப்பிலிருந்து அல்ல. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் மேல்நாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியைப் பாருங்கள்: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளை என்று தனியாக ஒரு கூலித்தரமே சட்டத்தில் இருந்தது. பள்ளி வயது பத்தோடு முடிகிறது. அதன்பிறகு பிள்ளையின் நாள் 32 சதம் பெறுமதியானது. தாயின் கூலியில் முக்கால் பங்கு அது. இந்தக் கணக்கின் நடுவே, பிள்ளை இன்னும் ஓராண்டு படிக்கட்டும், அதற்கு ஒரு வகுப்பறை கட்ட மானியம் தாருங்கள் என்று மனு எழுத எந்தத் துரைக்கு மனம் வரும்?

அந்தக் காலத்துப் பள்ளி எப்படி இயங்கியது என்பதைக் கிட்ட நின்று பார்த்தால் விதியின் வேலை இன்னும் தெளிவாகும். காலையில் பிரட்டுக்களத்தில் கூடிப் பேர் போட்டு ஆட்கள் மலைக்குப் போவார்கள். சிறு பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பரா என்ற காப்பகத்தில் விட்டுவிட்டு, சற்றுப் பெரியவை மண்டபத்தில் கூடும். எல்லா வகுப்பும் ஒரே மண்டபத்தில். ஒரு மூலையில் மணலில் ‘அ’ எழுதும் பிள்ளை, மறுமூலையில் பெருக்கல் வாய்ப்பாடு. ஆசிரியருக்குத் தோட்டத்தில் வேறு எழுத்துவேலையும் இருப்பது வழக்கம். பரிசோதகர் வருகிறார் என்று தெரிந்தால் அன்று வரவு நிறையும். அவர் பார்த்ததும் எழுதியதும் இடாப்பின் எண்களை. மானியம் கேட்டதும் அதையே. பள்ளி முன்னேறியதா என்ற கேள்வி, வரவு குறையாமல் இருக்கிறதா என்ற கேள்வியாகச் சுருங்கியது. 1923 முதல் கண்டியில் இருந்த இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டும் தம் ஆண்டறிக்கைகளில் தோட்டப் பள்ளிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டார். அந்த மேற்பார்வையால் பதிவுகள் பெருகின. ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஒரு படி ஏற வழி மட்டும் திறக்கவில்லை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இந்த நிலை மாறியிருக்க வேண்டும். 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பை அரசின் பக்கம் நகர்த்தியது. ஆனால் அடுத்த ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களின் பெரும்பகுதியினரை நாடற்றவர்களாக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் போனது. வாக்கில்லாதவருக்காகப் பாராளுமன்றத்தில் மனுக் கொடுக்க ஆளில்லை. 1960, 1961 ஆண்டுகளில் உதவிபெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பள்ளிகள் அந்தப் பெரிய அலைக்கு வெளியே விடப்பட்டன. மானியம் பெறும் தனியார் பள்ளிகளாகவே தொடர்ந்தன. நாட்டின் மற்றப் பகுதிகளில் விண்ணப்பிக்காமலே கிடைக்கும் உரிமையாகக் கல்வி மாறியபோது, மலையகத்தில் அது தோட்ட நிர்வாகத்தின் மனுவில் தொங்கிக்கொண்டிருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த பின், நாளை யார் இருப்பார், யார் போவார் என்று தெரியாத பள்ளிக்குக் கட்டடம் எதற்கு என்ற வாதமும் சேர்ந்துகொண்டது.

திருப்பம் வந்தது 1970களின் பிற்பாதியில். நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியதைத் தொடர்ந்து தோட்டப் பள்ளிகளும் அரச பாடசாலைகள் ஆயின. 1986இல் சுவீடனின் சீடா நிறுவன உதவியோடு பெருந்தோட்டப் பாடசாலைகள் கல்வி அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. ஜேர்மனியின் ஜிடிஇசட் உதவியால் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. 1980களின் நடுவிலிருந்து மலையக இளைஞர், யுவதிகள் நூற்றுக்கணக்கில் ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். இந்த ஏற்பாடுகளின் பொதுத்தன்மையைக் கவனிக்க வேண்டும். எந்தப் பள்ளியும் தன் திறமையை நிறுவிப் போட்டியில் வென்று இவற்றைப் பெறவில்லை. மலையகப் பள்ளிகள் பின்தங்கியிருக்கின்றன என்பதே போதுமான தகுதியாக ஏற்கப்பட்டது. வகுப்பறையும் ஆசிரியர் விடுதியும் இல்லாத இடத்துக்கு அவை கொண்டுசெல்லப்பட்டன. அதைவிட முக்கியமாக, ஆள் கொடுக்கப்பட்டது. லயத்தில் வளர்ந்த ஒருவர், தாய் மலைக்குப் போகும் நேரமும் சம்பள நாளும் தெரிந்த ஒருவர், வகுப்பில் நின்றார். மலையகப் பள்ளி கண்ட மிகப் பெரிய புத்தாக்கம் எது என்று கேட்டால், அந்த நியமனம்தான் என்பேன். இன்று மலையகத்தில் இருக்கும் அதிபர்கள், கல்வி அதிகாரிகள், விரிவுரையாளர்கள் பலருக்கு வழி திறந்தது அதுதான்.

இதற்கு முதல் மறுப்பு, அது வெளிநாட்டுப் பணம், அந்தக் கை மூடினால் பள்ளியும் தளரும் என்பது. ஓரளவு உண்மை. திட்டங்கள் முடிந்தபின் பராமரிப்புக்குப் பணமின்றிக் கட்டடங்கள் பழுதானது மலையகம் அறிந்ததே. ஆனால் அந்த உதவி விட்டுச்சென்ற இரண்டு வகைப் பொருளை ஒப்பிட்டுப் பாருங்கள். கூரை காலத்தில் ஒழுகியது. பயிற்றப்பட்ட ஆசிரியர் ஓய்வுபெறும்வரை நின்று, தம் மாணவரில் சிலரை ஆசிரியராக்கிவிட்டுப் போனார். ஆகவே இந்த மறுப்பு உதவிக்கு எதிரானதாக ஆகாது. பணம் எதில் போடப்பட வேண்டும் என்பதையே அது காட்டுகிறது. அந்தப் பாடத்தை அரசே பிறகு முழுமையாகப் பின்பற்றவில்லை என்பதுதான் வருத்தம். 2014, 2015 காலத்தில் பெருந்தோட்டப் பள்ளிகளின் வெற்றிடங்களை நிரப்ப ஏறத்தாழ 3,000 இளைஞர்களைச் சேர்த்தபோது, அவர்களுக்கு ‘ஆசிரிய உதவியாளர்’ என்ற பெயரும் மாதம் 6,000 ரூபாக் கொடுப்பனவுமே கிடைத்தன. ஆள்தான் முதலீடு என்று அறிந்த இடத்திலேயே ஆளுக்கு முழு விலை கொடுக்க மறுத்தது பெரும் பிழை.

இரண்டாம் மறுப்பு வலுவானது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். கேட்காதவருக்குக் கொடுத்தால் பணம் வீணாகும். திட்டம் எழுதி, பொறுப்பை ஏற்றுக் கேட்கும் அதிபரே பணத்தைப் பயன்படுத்துவார். போட்டி இருந்தால்தான் புதுமை பிறக்கும் என்பது இதன் உட்பொருள். இந்த வாதத்தில் உள்ள உண்மையை ஏற்கிறேன்: விரும்பாத பள்ளியில் கொண்டுபோய் இறக்கிய கணினி உறை பிரிக்கப்படாமலே பழசாகும். ஆனால் பழமொழியில் வரும் பிள்ளைக்கு அழுவதற்குச் சத்து இருக்கிறது. சத்தில்லாத பிள்ளை அழாது. இந்தியாவின் அடல் ஆய்வுக்கூடத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2016இல் தொடங்கிய இத்திட்டத்தில் பள்ளிகள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வானால் 20 இலட்சம் ரூபாய்வரை மானியம். அதில் 10 இலட்சம் கூடம் அமைக்க, மீதி ஐந்தாண்டுச் செலவுக்கு. நல்ல தொகை, நல்ல நோக்கம். ஆனால் விண்ணப்பிக்கும் பள்ளியிடம் 1,500 சதுர அடி இடம், மலைப்பகுதியானால் 1,000 சதுர அடி, இணைய இணைப்பு, தடையற்ற மின்சாரம், கணித, அறிவியல் ஆசிரியர், மாணவர் வரவு 75 சதவீதம் ஆகியவை எதிர்பார்க்கப்பட்டன. வரவைக் காட்டு, பணம் தருகிறேன் என்று 1862இல் லோ சொன்னதற்கும் இதற்கும் இடையில் ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது. நிபந்தனையின் எலும்பு ஒன்றே. மலைப்பகுதிக்கு 500 சதுர அடி குறைத்தவர்கள் சிக்கலை உணர்ந்தே இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒற்றை மண்டபப் பள்ளிக்கு 1,000 சதுர அடியும் எட்டாத தூரம்தான்.

போட்டியின்றிப் புதுமை பிறக்காது என்பதற்கும் நம் பக்கத்திலேயே எதிர்ச்சான்று உண்டு. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளி, தன்னைச் சுற்றியிருந்த ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காகக் கற்றல் அட்டைகளும் ஏணி முறையும் உருவாக்கியது. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்று தன் வேகத்தில் ஏறும். ஆசிரியர் வகுப்பு வகுப்பாக ஓடவேண்டியதில்லை. அதைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம். பி. விஜயகுமார் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08இல் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. அவ்வளவு வேகமாகப் பரப்பியதால் தரம் குறைந்தது என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் நமக்கு வேண்டிய செய்தி தெளிவு: இந்தப் புதுமை மிகவும் இல்லாத பள்ளியின் இல்லாமையிலிருந்து பிறந்தது; பரவியது விண்ணப்பத்தால் அல்ல, அரசின் பொறுப்பால். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பை நடத்திய தோட்டத்து ஆசிரியரும் நாள்தோறும் இதே சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருந்தவர்தான். அவர் கண்டுபிடித்ததைப் பார்த்து எழுதிவைக்க யாரும் வரவில்லை.

மூன்றாவதாக, இன்று நிலை மாறிவிட்டது, பணம் சூத்திரப்படி எல்லாப் பள்ளிக்கும் போகிறது என்று சொல்லலாம். 2000ஆம் ஆண்டை ஒட்டி இலங்கையில் தர உள்ளீட்டு நிதியை மாணவர் தொகை, வகுப்பு நிலை, பாடம் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒதுக்கும் முறை வந்தது. 2006 முதல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் முடிவெடுக்கும் பொறுப்பைப் பள்ளிக்கே கொடுக்க முயன்றது. இவை சரியான திசையில் வைத்த அடிகள். ஆயினும் அன்றாடச் செலவுக்கு மேல் பெரிதாக ஒன்று வேண்டுமென்றால், அது இன்னும் தேர்வின் வழியாகவே வருகிறது. 2024இல் இந்திய அரசு மலையகத்தின் ஒன்பது பாடசாலைகளின் வசதிகளை உயர்த்தும் நன்கொடையை இரட்டித்து 60 கோடி இலங்கை ரூபாவாக்கியது. அந்த ஒன்பது பள்ளிகளுக்கும் அது பெரும் பேறு. பெருந்தோட்டத் தமிழ்ப் பள்ளிகளோ எண்ணூறுக்கு மேல். ஒன்பதைத் தெரிந்தெடுக்கும் எந்த முறையிலும், நகரத்துக்கு அருகில் இருக்கும், உயர்தர வகுப்புள்ள, பழைய மாணவர் சங்கம் உள்ள பள்ளி முன்னால் நிற்பது இயல்பு. நல்லதண்ணிக்கு மேலே ஏதோ ஒரு பிரிவில் இருக்கும் சிறு பள்ளியைக் கண்டுபிடிக்க, அதைத் தேடிப் போகும் விதி ஒன்று தனியாக வேண்டும்.

அந்த விதி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த வரலாறே வழி சொல்கிறது. முதலாவது, மனு எழுதும் சுமை பள்ளியிடமிருந்து வலயத்துக்கு மாற வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த ஆசிரியருள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் அதிகாரி நேரில் போய், ஆசிரியரோடும் பெற்றோரோடும் அமர்ந்து தேவையை எழுதி எடுத்துவருவது அவருடைய கடமையாக வேண்டும். அங்கே ஏற்கெனவே உருவாகியிருக்கும் நல்ல வழக்கத்தையும் அவரே பதிய வேண்டும். இரண்டாவது, இல்லாமையைத் தகுதிக்குறைவாக எண்ணாமல் முன்னுரிமையாக எண்ண வேண்டும். மூன்றாவது, புத்தாக்க நிதியில் ஒரு பங்கு ஆளுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும்: பல்வகுப்புக் கற்பித்தலில் பயிற்சி, மேலதிக ஆசிரியர், தங்குவதற்கு ஒழுகாத விடுதி. இதெல்லாம் ஊழலுக்கு வழி என்று அஞ்சுவோருக்கு ஒரு பதில்: கணக்குக் காட்டச் சொல்வது வேறு, கொடுப்பதற்கு முன் வென்று காட்டச் சொல்வது வேறு. முன்னதை எந்தப் பள்ளியிடமும் கேட்கலாம். பின்னது சில பள்ளிகளால் மட்டும் முடியும்.

1907இல் மனு எழுதும் பொறுப்பு துரையிடம் இருந்தது. எழுதாமல் இருக்க அவருக்குக் காரணம் இருந்தது. இன்று அந்தப் பொறுப்பு அதிபரிடம் இருக்கிறது; எழுத அவருக்கு மனம் உண்டு. ஆனால் சிறிய தோட்டப் பள்ளியில் அதிபரே வகுப்பாசிரியர், எழுதுவினைஞர், சில நாட்களில் வாயிற் காவலரும் அவரே. திட்ட அறிக்கைக்கு விலைமனுக் கோரி, புகைப்படம் இணைத்து, கையெழுத்துக்கு ஹட்டன் போய்வர அவருக்கு ஒரு முழு நாள் ஆகும். பாடசாலையை முன்னேற்றுவதற்கென்று கேட்கப்படும் அந்த ஒரு நாளில் இடாப்பில் பேர் உள்ள பிள்ளைகள் எல்லாம் வந்து அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.